எரித்தால் போய்விடுமா?

நெருப்பை நம்புகிற மாவட்டம் எங்களுடையது. ஐம்பூதத் தலங்களில் திருவண்ணாமலை நெருப்புக்குரியது. கார்த்திகையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றப்படும் தீபம் பதினொரு நாள் எரிகிறது. மலைக்குக் கிழக்கே, செஞ்சி சாலையில் இருக்கும் எங்கள் கீழ்பென்னாத்தூரிலும் அந்த நாட்களில் மாலையானால் மொட்டை மாடியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு முன்பே ஐப்பசி அமாவாசையை ஒட்டிப் பட்டாசு வெடித்து முடித்திருப்போம். கார்த்திகையில் சொக்கப்பனையும் மாவலியும். மார்கழியில் குளிருக்காகத் தெருவோரம் மூட்டும் குப்பை. தை பிறப்பதற்கு முதல் நாள் போகி. மழையும் பனியுமான இந்த மூன்று மாதங்களை நாம் நெருப்போடுதான் கழிக்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: நெருப்பு தூய்மை செய்யும், எரித்தது போய்விடும்.

இந்த நம்பிக்கைக்குப் பெண்ணோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. சீதையைத் தீயில் இறங்கச் சொன்னது அதுதான். கணவன் இறந்தபின் அவளையும் சிதையில் ஏற்றியது அதுதான். தீயில் இறங்கி மாசற்றவள் என்று காட்ட வேண்டியவள் எப்போதும் பெண்தான். தமிழில் ‘மாசு’ என்ற சொல் நெடுங்காலம் பெண்ணின் மேல் ஒட்டப்பட்ட சொல். அவளுடைய கற்பில் மாசு, மாதவிடாயில் தீட்டு, கைம்மையில் அமங்கலம். காற்றுக்கும் ஆற்றுக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தி, அதற்கென்று கட்டுப்பாட்டு வாரியம் அமைத்ததெல்லாம் அண்மைக்காலம். இந்தியாவில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்ததே 1981-இல். மாசு என்று யாரைச் சுட்டினோம், எதைச் சுட்டாமல் விட்டோம் என்பது எனக்கு ஓர் அறக் கேள்வி. இந்தக் கட்டுரையில் அந்தக் கேள்வியோடு காற்றில் கலந்திருக்கும் உலோகத்தைப் பார்க்க விரும்புகிறேன்.

உலோகத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. நெருப்பு பற்றிய நம் நம்பிக்கையை அது நேராக மறுக்கிறது. காகிதத்தை எரித்தால் காகிதம் இல்லாமல் போகிறது. ஈயத்தை எரித்தால் ஈயம் ஈயமாகவே இருக்கிறது. அது தனிமம். எந்த அடுப்பும் அதை வேறொன்றாக ஆக்க முடியாது. நெருப்பு செய்வதெல்லாம் அதை ஆவியாக்கி, ஆறியதும் மிக நுண்ணிய துகள்களில் படிய வைத்து, ஊர் முழுக்கப் பரப்புவதுதான். நாம் பேசும் நுண்துகள் 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோ விட்டம் கொண்டது. தலைமுடியின் குறுக்களவில் அப்படி இருபதுக்கு மேல் வரிசையாக நிற்கும். மூக்கு மயிர் அதைத் தடுக்காது. அது நுரையீரலின் கடைசி அறை வரை போகும். தமிழில் ஆவி என்றால் உயிர் என்றும் பொருள். ஒன்றின் ஆவி இன்னொன்றின் ஆவிக்குள் புகுகிறது.

போகியன்று தெருவில் எரிவது என்னவென்று பாருங்கள். வைக்கோலும் கிழிந்த பாயும் மட்டுமென்றால் பேச்சு வேறு. டயர் எரிகிறது, ரப்பரை இறுக்கச் சேர்த்த துத்தநாகம் புகையில் வருகிறது. பழைய சன்னல் சட்டம் எரிகிறது. அதன் பெயின்ட்டில் காரீயம் இருந்திருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் நம் வீடுகளின் கதவுகளில் இன்னும் இருக்கிறது. செம்பு எடுப்பதற்காக ஒயரை எரிக்கிறார்கள், உடைந்த டி.வி.யின் பலகையை எரிக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் புகை மூட்டத்தால் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானம் திரும்பிப் போகலாம். கீழே இருந்தவர்கள் எங்கே திரும்பிப் போவது?

போகிக்கு நாம் முழக்கமாக்கிக்கொண்டது நன்னூல் சூத்திரம் ஒன்றை. பவணந்தி முனிவர் அதைச் சொன்னது மொழியைப் பற்றி. காலப்போக்கில் சில சொற்கள் வழக்கிழக்கும், சில சொற்கள் புதிதாக வரும், அது குற்றமில்லை என்பது அவர் கருத்து. கழிவது என்பது தானாக உதிர்வது. அதில் எரிப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: “எல்லாம் எரிஞ்சா சாம்பலுதானே மேடம், சாம்பல்ல இன்னா இருக்குது?” நியாயமான கேள்வி. நெற்றியில் பூசுவதும் பாத்திரம் துலக்குவதும் சாம்பலால்தான். சாம்பல் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நமக்குப் பழகியிருக்கிறது. உலோகத்தைப் பொறுத்தவரை அது முடிவில்லை, இடமாற்றம்தான்.

அடுத்தது மார்கழி. மார்கழி விடியலில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்களுக்கு ஓசோன் கிடைக்கிறது, அதற்காகத்தான் முன்னோர்கள் அந்த வழக்கத்தை வைத்தார்கள் என்று மேடைகளில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வானத்தின் உயரத்தில் இருக்கும் ஓசோன் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது. மூக்குக்குள் போகும் ஓசோன் மருந்தில்லை. அது நுரையீரலை அரிக்கும் மாசுகளில் ஒன்று. தரைமட்டத்தில் அது வெயிலால் உருவாவது. எனவே பகலில் கூடும், விடியலில் குறைந்தே இருக்கும். விடியலில் இருப்பது வேறு. பனிக்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல் கிடக்கிறது. முந்தின இரவின் புகை மேலே போக வழியில்லை. வெயில் ஏறித் தரை சூடானபின்தான் மூடி திறக்கும். அந்த மூடிக்குக் கீழே, தரைக்கு மிக அருகில் குனிந்து, புள்ளி வைத்துக்கொண்டிருப்பவள் பெண்.

கோலம் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அதிகாலைத் தனிமை பல பெண்களுக்கு நாளின் ஒரே சொந்த நேரம் என்பது எனக்குத் தெரியும். பெண்ணின் உழைப்புக்கு அறிவியல் என்று பெயர் சூட்டும் அந்தப் பேச்சைத்தான் கேட்கிறேன். அது அவளுடைய நுரையீரலை ஒருநாளும் விசாரித்ததில்லை. விறகடுப்புப் புகை கண்ணுக்கு நல்லது, கொசு வராது என்று சொன்னதும் அதே குரல்தான்.

தீபாவளிக்கு வருவோம். வீட்டில் யாருக்கு எந்தப் பட்டாசு என்பதில் எழுதாத விதி ஒன்று உண்டு. அணுகுண்டும் ராக்கெட்டும் சரவெடியும் பையன்களுக்கு. கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம், புஸ்வாணம், பாம்பு மாத்திரை எல்லாம் பெண் பிள்ளைகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும். சத்தம் போடாதவை பாதுகாப்பானவை என்று நினைக்கிறோம். 2016-இல் புனேயின் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன், பட்டாசு கொளுத்துகிறவர் நிற்கும் தூரத்தில் கருவியை வைத்து அளந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் எத்தனை மைக்ரோகிராம் என்று பார்த்தார்கள். மிக அதிகம் பாம்பு மாத்திரையில்: 64,500. சரவெடியில் 38,540. கம்பி மத்தாப்பில் 10,390. சங்கு சக்கரத்தில் 9,490. புஸ்வாணத்தில் 4,860. இருபத்துநான்கு மணி நேரச் சராசரிக்கு இந்தியா அனுமதிக்கும் அளவு 60, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15. ஒன்று சில நொடி, சில நிமிட உச்சம். மற்றது ஒரு நாளின் சராசரி. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. “பொம்பளப் புள்ளைக்கு இது போதும்” என்று கையில் கொடுத்தவை ஆபத்தில்லாதவை அல்ல. சத்தம் இல்லாததால் அவற்றின் ஆபத்து யார் காதிலும் விழவில்லை. இது பட்டாசுக்கு மட்டும் பொருந்துகிற செய்தி அல்ல என்பதைப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வண்ணங்கள் எல்லாம் உலோகம். பச்சை பேரியம், சிவப்பு ஸ்ட்ரான்சியம், நீலம் செம்பு, வெள்ளை அலுமினியமும் மக்னீசியமும். கரையும் பேரியம் உப்பு உடலுக்குள் போனால் தசைகளையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும். டெல்லியில் 2015-இல் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. 2023-இல் அந்தத் தடையைத் தளர்த்தவும் மறுத்தது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வெடிக்கும் நேரம் குறிக்கப்பட்டது. எங்கள் தெருவில் அந்த நேரத்தைக் கடைப்பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம். அதைக் கூட்டுபவர்கள் தூய்மைப் பணியாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தென்னந்துடைப்பத்தால் வறட்டுத் தரையைக் கூட்டும்போது, இரவு முழுக்கத் தரையில் இறங்கிப் படிந்த தூசி மறுபடி எழுந்து முகத்தில் ஏறுகிறது. வாணவேடிக்கையைப் பார்த்தவர்கள் ஒரு முறை மூச்சிழுத்தார்கள், அவள் இரண்டாம் முறை இழுக்கிறாள். எந்தச் சாதிப் பெண்களிடம் இந்தத் துடைப்பம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை இந்தப் புத்தகத்தின் வாசகிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டாம். தூய்மை என்ற சொல்லைத் தன் வேலையின் பெயரில் சுமப்பவள்தான் மாசை அதிகம் சுமக்கிறாள். அவளைத்தான் ஊர் நூற்றாண்டுகளாகத் தீட்டு என்றும் சொல்லி வந்தது.

உள்ளே போன ஈயம் என்ன செய்கிறது? உடல் அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. அங்கே அது பல பத்தாண்டுகள் இருக்கும். ஒரு பெண் கருவுறும்போது, குழந்தையின் எலும்புக்காக அவள் எலும்பிலிருந்து கால்சியம் கரைகிறது. கூடவே பழைய ஈயமும் கரைந்து இரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. பால் கொடுக்கும் காலத்திலும் அப்படியே. சிறுமியாக இருந்தபோது அவள் சுவாசித்த தெரு, இருபது ஆண்டு கழித்து அவள் பிள்ளையைத் தொடுகிறது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிகக் குறைந்த அளவுகூடப் படிப்பையும் கவனத்தையும் பாதிக்கும். இன்னொன்றும் உண்டு. இரும்புச்சத்து குறைந்த உடலின் குடல், தூசியோடும் உணவோடும் வரும் ஈயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. கடைசியாகச் சாப்பிடுகிறவள் நஞ்சை முதலில் வாங்கிக்கொள்கிறாள்.

பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் கேள்வி யாரிடம் வரும்? வயிற்றில் இருக்கும்போது அம்மா என்ன தின்றாள், எங்கே போனாள், ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்றுதான் வரும். காற்றைப் பற்றிய அறிவுரைகளும் அவள் பெயருக்கே வருகின்றன. சன்னலைச் சாத்துங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், குழந்தைக்கு முகக்கவசம் போடுங்கள், கீரை கொடுங்கள். ஒவ்வொன்றும் நல்ல அறிவுரைதான். மொத்தமாகச் சேர்த்தால் அது ஒரு வேலைப் பட்டியல், சம்பளமில்லாதது. ஊரார் சேர்ந்து கெடுத்ததை வீட்டுக்குள் ஒருத்தி துடைத்தெடுக்க வேண்டும் என்கிறது அது.

இந்த இடத்தில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவரை நினைக்கிறேன். அமெரிக்காவில் ஈயத் தொழிற்சாலைகளுக்குள் நேரில் போய்த் தொழிலாளர்களின் நோயைப் பதிவு செய்தவர். 1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியில் அமர்த்தப்பட்ட முதல் பெண். ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் அந்த வேலையைக் கொடுத்தார்கள். பெட்ரோலில் ஈயம் கலக்கத் தொடங்கியபோது, 1925-இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில் அவர் அதை எதிர்த்தார். ஈயம் இருக்குமிடத்தில் இன்றோ நாளையோ ஈய நஞ்சு வரும் என்பது அவர் அனுபவம். தீங்கு நிரூபணமாகட்டும், அதுவரை விற்கிறோம் என்றது தொழில்துறை. தொழில்துறை வென்றது. இந்தியா ஈயம் கலந்த பெட்ரோலை முழுதாகக் கைவிட்டது 2000-இல். உலகில் கடைசியாக அல்ஜீரியா கைவிட்டது 2021-இல். அந்த மாநாட்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையே 96 ஆண்டுகள். நிரூபிக்கும் சுமை மூச்சுவிடுகிறவரிடம் இருக்க வேண்டுமா, புகை விடுகிறவரிடம் இருக்க வேண்டுமா என்பதுதான் ஹாமில்டன் எழுப்பிய கேள்வி. பாலியல் வன்முறை வழக்குகளில் நிரூபிக்கும் சுமையோடு நின்ற பெண்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

இங்கே நமக்குச் சொல்லப்படும் பதில்கள் மூன்று. வருஷத்துக்கு ஒரு நாள்தானே என்பது முதல் பதில். புகை ஒரு நாளில் கலையும், உலோகம் கலையாது. அது மண்ணில் தங்கி, ஒவ்வொரு துடைப்பத்திலும் ஒவ்வொரு லாரி போகும்போதும் எழுந்து வரும். ஒரு நாள் என்பது எரித்தவரின் கணக்கு, சுவாசிப்பவரின் கணக்கு அல்ல.

நான் ஒருத்தி நிறுத்தினால் காற்று மாறிவிடுமா என்பது இரண்டாவது. மாறாதுதான். ஆனால் இதே தர்க்கத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். ஒவ்வொருவரின் பங்கும் சிறியது என்பதால் யாருமே பொறுப்பில்லை என்றால், நோய் மட்டும் எப்படி முழுசாக ஒருத்தியின் நெஞ்சில் வந்து உட்காருகிறது? செய்ததைப் பிரித்துக்கொள்ளலாம், பட்டதைப் பிரித்துக்கொள்ள முடியவில்லை. பொறுப்பை எவ்வளவு சிறிதாக நறுக்கினாலும் கூட்டுத்தொகை குறைவதில்லை. பேருந்தில் உரசியவன் ஒவ்வொருவனும் ஒரு நொடிதானே என்பான். அவளுக்கு அது முழு நாள்.

நம் பண்பாடு என்பது மூன்றாவது. சிவகாசிக்காரர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது 1920-களில். பட்டாசுத் தொழில் அதன் பின்னால் வளர்ந்தது. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கித் துணியில் முடிந்து சுற்றும் மாவலிக்குப் பேரியம் தேவைப்பட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கார்த்திகையில் அதைச் சுற்றும்போது பொறி பறப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மகிழ்ச்சிக்கு உலோகம் கட்டாயமில்லை.

மூன்றைவிடக் கனமான நான்காவது பதிலும் இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் விருதுநகர் மாவட்டத்துப் பெண்கள். குழாய் சுருட்டுவது, திரி சொருகுவது, மருந்து அடைப்பது, பெட்டியில் அடுக்குவது என்று பட்டாசுத் தொழிலில் பெரும்பகுதி பெண்களின் விரல்களில் நடக்கிறது. மழை பொய்த்த கரிசலில் அவர்களுக்கு வேறு கூலி குறைவு. நம் தெருவில் ஒரு மணி நேரம் பறக்கும் உலோகத்தூள் அவர்களுடைய கையில் ஆண்டு முழுக்க. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நடந்ததைப் போன்ற வெடிவிபத்துகளில் சாகிறவர்களில் பெண்கள் பலர். தடை செய் என்று நகரத்திலிருந்து சொல்வது எளிது. அவர்களுக்கு மாற்று வேலையையும் நிவாரணத்தையும் கேட்காமல் தடையை மட்டும் கேட்டால், ஒரு பெண்ணின் நுரையீரலை இன்னொரு பெண்ணின் சோற்றுக்கு எதிராக நிறுத்துகிறோம். அந்தப் போட்டியை அமைத்தவர்கள் யார் என்று கேட்பதே பெண்ணியம்.

டெல்லியின் பனிக்காலம் நாடு முழுவதும் செய்தியாகிறது. 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன, திருவண்ணாமலை இல்லை. கைபேசியில் வரும் காற்றுத்தரக் குறியீட்டின் எட்டு மாசுகளில் ஈயமும் ஒன்று என்று விதி சொல்கிறது. ஆனால் ஈயத்தை அளக்க, வடிதாளில் ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் அந்த நேரத்து எண்ணில் ஈயம் இருப்பதில்லை. 2009-இன் தேசியத் தரத்தில் உள்ள உலோகங்கள் ஈயம், ஆர்சனிக், நிக்கல் மட்டுமே. பேரியத்துக்கு வரம்பே எழுதப்படவில்லை. அளக்காததைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதி. பெண்களின் வலியையும் நெடுங்காலம் அப்படித்தான் கையாண்டோம். கேட்கவில்லை, எனவே இல்லை.

ஆகவே நான் கேட்பவை பெரிய தத்துவங்கள் அல்ல. போகிக்கு ஒரு வாரம் முன்பே பேரூராட்சி வண்டி வீடு வீடாக வந்து டயர், ஒயர், பெயின்ட் அடித்த மரம், பழைய மின்பொருட்களைத் தனியாக வாங்கிப் போகட்டும்; சென்னை மாநகராட்சி போகிக்கு முன் பழைய பொருட்களைச் சேகரிப்பதை இங்கும் செய்யலாம். தீபாவளிக்கு மறுநாள் தெருவைத் தண்ணீர் தெளித்தபின் கூட்டட்டும். கூட்டுபவருக்கு நல்ல முகக்கவசமும் அந்த நாளுக்குக் கூடுதல் கூலியும் கொடுக்கட்டும். வட்டத் தலைநகரங்களிலாவது பனிக்காலத்தில் வடிதாள் வைத்து உலோகத்தை அளக்கட்டும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுக்கும்போது, இரும்போடு ஈயத்தையும் பார்க்கும் நாள் வரட்டும்.

இவை எல்லாம் நடந்தாலும் ஒன்று மிச்சமிருக்கும்: வேண்டாததை நெருப்பில் போட்டுவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்ற எண்ணம். பொருளையும் அப்படித்தான் எரித்தோம், பெண்களையும் அப்படித்தான் எரித்தோம். எரித்தது எங்கே போனது என்று அப்போதும் கேட்கவில்லை. தலைமுறை கடந்து எலும்பில் தங்கும் ஒரு சாம்பல்நிற உலோகம் அந்தக் கேள்வியை இப்போது கேட்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் எரித்தவர்கள். துடைப்பத்தோடு நிற்கிறவள் அல்ல.